கீழ்ப்பக்கம் என்று நீ எழுதியது

நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் கழித்து இன்று காலை உன் கம்ப்யூட்டரைப் போட்டேன். உள்ளே விசிறி சுற்ற ஆரம்பித்ததும் சூடான தூசி வாடை வந்தது. கூடவே ஈயம் பற்றவைக்கிற பசையின் வாடையும். பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பற்றவைக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ கேட்டதில்லை. அந்தப் புகையெல்லாம் உள்ளே போய்க் குடியிருந்திருக்கிறது.

உன் மேசையை இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்தது மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. வேலை வரவில்லை, தொடவில்லை. இன்று வந்தது. கல்லிடைக்குறிச்சியில் பம்புசெட் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி போன் பண்ணினார். வயலுக்குப் போகாமலே செல்போனில் மோட்டாரைப் போட, அணைக்க என்று அவருக்கு நாம் ஒரு சர்க்யூட் போர்டு வரைந்து கொடுத்தோமே, அதில் உள்ள ஒரு சிப் இப்போது சந்தையில் கிடைப்பதில்லையாம். வேறு சிப்புக்கு மாற்றி வரைந்து தர வேண்டுமாம். அதை வரைந்த பழைய சாஃப்ட்வேர் இப்போது உன் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது.

தச்சநல்லூரில் சைக்கிள் கடை மாடியில் நாம் ஆபீஸ் போட்டபோது, என்ன தொழில் என்று கேட்பவர்களுக்கு என்னால் விளக்க முடிந்ததே இல்லை. நீ ஒரே வரியில் முடித்துவிடுவாய். "பச்சப் பலகையில கோடு போடுதோம்." உன் மாமனார் வீட்டிலும் அதையேதான் சொல்லியிருக்கிறாய் என்று பிறகு தெரிந்தது. பெண் கொடுத்தவர்கள் உன்னைப் பெயின்டர் என்று நினைத்திருந்தால் அவர்கள் மேல் குற்றமில்லை.

வேலையை நாம் இரண்டாகப் பிரித்திருந்தோம். வாடிக்கையாளரிடம் பேசுவதும், எந்த முனை எந்த முனையோடு சேர வேண்டும் என்று சர்க்யூட் போடுவதும், எது எங்கே வர வேண்டும் என்று குறிப்பு எழுதுவதும் உன் பாடு. அந்தக் குறிப்பைப் பார்த்து ஒவ்வொன்றையும் பலகையில் இடம் பார்த்து வைத்து, கோடு இழுக்கிற லேஅவுட் வேலை என் பாடு. வேலையில் நீ சுத்தம், ஃபைல்களில் குப்பை. ஒரே போர்டுக்கு ஏழு ஃபோல்டர் வைத்திருப்பாய். 'புதுசு', 'புதுப்புதுசு', 'அண்ணாச்சி சொன்னது', 'அண்ணாச்சி மாத்திச் சொன்னது'. உன் கம்ப்யூட்டரில் ஒன்று, பொது டிஸ்கில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. எதில் எது சரி என்று உனக்கு மட்டும் தெரியும். நான் சிரிப்பேன்.

இன்னொரு பழக்கமும் உனக்கு உண்டு. விக்கிரமசிங்கபுரத்துக்காரன் நீ, இடது வலது உன் வாயில் வராது. எல்லாம் திசைதான். என் பின்னால் நின்றுகொண்டு, "அந்தக் கெபாசிட்டரக் கொஞ்சம் மேக்க தள்ளு லே. இன்னும் லேசா வடக்க" என்பாய். ஒருநாள் உன்னை மடக்க வேண்டும் என்றே திரையில் போர்டைக் கால் சுற்று திருப்பிவிட்டு, இப்போது எது கிழக்கு என்று கேட்டேன். "போர்டத் திருப்புனா கெழக்கும் திரும்பிருமால?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாய். 

அண்ணாச்சியின் போர்டுக்கு நீ குறிப்பு எழுதிய வாரம் நமக்குள் பேச்சு இல்லை. லேஅவுட் தாமதமாவதற்கு நான்தான் காரணம் என்று என்னை வைத்துக்கொண்டே அவரிடம் சொல்லிவிட்டாய். உண்மைதான் என்பதால் கோபம் அதிகமாக இருந்தது. அந்தக் குறிப்பில் ஒரு வரி: 'மோட்டார் கம்பி மாட்டும் கனெக்டர் கீழ்ப்பக்கம் வர வேண்டும்.'

உன் ஊரில் கீழ்ப்பக்கம் என்றால் கிழக்கு. கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு, பத்திரத்தில் கீழ்ப்பக்க எல்லை என்றால் கிழக்கு எல்லை, பலகையில் என்றால் வலது ஓரம். போர்டு வரைகிறவனுக்கோ, ஒரு பலகைக்கு மேல்பக்கம் கீழ்ப்பக்கம் என்று இரண்டு முகம். கீழ்ப்பக்கத்தில் வை என்றால் பலகையைக் கவிழ்த்து அடியில் வை என்று அர்த்தம். நீ எதைச் சொல்கிறாய் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நாற்காலியைத் திருப்பினால் போதும், மூன்றடி தூரத்தில் உன் முதுகு. நான் திருப்பவில்லை. கனெக்டரை அடியில் வைத்தேன். சாஃப்ட்வேரின் சோதனையில் ஒரு பிழையும் வரவில்லை. கோடுகள் ஒன்றையொன்று தொடவில்லை, எல்லா முனையும் சேர்ந்திருந்தது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நூற்றைம்பது போர்டும் அச்சாகி வந்தது. அண்ணாச்சி தொலைபேசியில் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "தம்பி, பெட்டிக்குள்ள போர்டு உக்கார மாட்டேங்கு. அடியில இடிக்கி. மேல மாட்டுனா ஒயரெல்லாம் மாறி வருது. நாளைக்கு வாரேன்." வாழை போட்டிருந்த விவசாயிகளுக்கு அந்த வாரமே தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மறுநாள் நீ வருவதற்கு முன்பே நான் ஆபீஸுக்கு வந்துவிட்டேன். பொது டிஸ்கில் இருந்த உன் குறிப்பைத் திறந்தேன். 'கீழ்ப்பக்கம்' என்பதில் 'கீழ்' என்ற இரண்டு எழுத்தை எடுத்துவிட்டு 'அடி' என்ற இரண்டு எழுத்தை வைத்தேன். அடிப்பக்கம் என்றால் யாருக்கும் ஒரே அர்த்தம்தான். சேமித்தேன், மூடினேன், கீழே போய் டீ குடித்தேன். இதை எழுதுகிற இந்த நேரத்தில்கூட எனக்கு ஆச்சரியமாக இருப்பது, அந்த டீ நன்றாக இருந்தது என்று ஞாபகம் இருப்பதுதான்.

அண்ணாச்சி வந்தார். எங்கே தவறு என்று பார்த்துவிடுவோம் என்று நீயே அந்தக் குறிப்பைத் திறந்தாய். படித்தாய். மறுபடியும் படித்தாய். நான் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவில்லை.

"நாந்தான் தப்பா எழுதிட்டேன் அண்ணாச்சி. இவன் மேல ஒண்ணும் இல்ல."

"எழுதும்போது மனசு எங்கன இருந்துச்சி ஒமக்கு?" என்று அவர் கேட்டார். "கடை வாசல்ல வந்து நிக்கவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுதது?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு இல்லையென்றால் மறுவாரம். சொல்லவில்லை. நீ சொன்னதை நீயே நம்பிவிட்டாய் என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு அண்ணாச்சி உன்னிடம் வேலை பேசவில்லை. எனக்குத்தான் போன் வரும். "எழுதுத வேலைய அவருகிட்ட விடாதேயும் தம்பி, நீரே பாத்துக்கிடும்" என்பார். நீ எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே நான் 'சரி அண்ணாச்சி' என்று சொல்லியிருக்கிறேன். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையும் என் பெயருக்கு மட்டும் வந்தது. நாம் சேர்ந்து போனோம். பந்தியில் அவர் என்னிடம் குசலம் விசாரித்துவிட்டு உன்னைத் தாண்டிப் போனார். ரசம் நன்றாக இருக்கிறது என்றாய்.

அந்தத் தவறு நடந்த மறுவாரமே நீ ஒரு காரியம் செய்தாய். ஃபைல்களுக்கெல்லாம் காவல் வைத்தாய். யார், எப்போது, எந்த வரியை, என்ன காரணத்துக்காக மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கிற சாஃப்ட்வேர். பதிந்ததை அழிக்க முடியாதபடி பூட்டும் போட்டாய். பழைய போர்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றினாய். என் மாற்றம் அதில் மாட்டுமோ என்று முதலில் பயந்தேன். ஆனால் நடந்துமுடிந்த மாற்றத்துக்கு அதில் சாட்சி இருக்காது என்று கணக்குப் போட்டு நிம்மதியானேன். காரணம் எழுதும் கட்டத்தில் நீ எழுதியவை எனக்குப் பிடிக்கும். 'ஒன்றும் செய்யவில்லை, தெரியாமல் தொட்டுவிட்டேன்.' 'பெங்களூர் வாடிக்கையாளருக்கு மனம் மாறியது.' ஒவ்வொரு குறிப்பு எழுதியதும் என்னைக் கூப்பிடுவாய். "ஒரு தடவ பாத்துரு லே. நான் தப்பா எழுதுத ஆளு." சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். நானும் சிரிப்பேன்.

இன்று அந்தப் போர்டின் பதிவுகளைத் திறந்து அடிவரை போனேன். ஆறு வருடத்தில் நான் அவ்வளவு தூரம் போனதில்லை. அடியில் இரண்டு பதிவு இருந்தது. இரண்டிலும் உன் பெயர், இடையில் ஒரு நிமிடம். முதல் பதிவின் காரணம்: 'குறிப்பு. நான் எழுதியபடி.' இரண்டாவது: 'குறிப்பு. அண்ணாச்சிக்குக் காட்டியபடி. இதைப் பற்றிக் கேட்க வேண்டாம்.'

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டு என்று அழுத்தினேன். எடுத்ததைச் சிவப்பிலும் வைத்ததைப் பச்சையிலும் காட்டியது. சிவப்பில் 'கீழ்', பச்சையில் 'அடி'. நான் பார்த்துச் சிரித்த உன் குப்பை ஃபோல்டர்களில் ஒன்றில், நீ முதலில் எழுதியது அப்படியே இருந்திருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே எடுத்துப் பார்த்திருப்பாய். அப்புறம் ஐந்து வருடத்துக்கு மேல் என்னோடு ஒரே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய். கேட்க வேண்டாம் என்பது எனக்குச் சொன்னதா, உனக்கே சொல்லிக்கொண்டதா என்று யோசித்தேன். நான் திறந்தே பார்க்க மாட்டேன் என்று உனக்குத் தெரியும். உனக்கே சொல்லிக்கொண்டதுதான். 'தப்பா எழுதுத ஆளு' என்று சிரித்தாயே, அதில் எவ்வளவு சிரிப்பு என்று மட்டும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. துக்கத்தைவிட அதுதான் அதிகமாக இருக்கிறது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன், ஒன்றும் விடாமல்.  

"இத ஒரு வருசத்துக்கு முந்தி சொல்லிருந்தீருன்னா, அவருகிட்ட நான் நல்லா ரெண்டு வார்த்த பேசிருப்பேம்லா" என்றார். பிறகு, "சரி, போர்டு என்னைக்குக் கெடைக்கும்?" என்று கேட்டார். பதினைந்து நாள் என்றேன்.

அப்புறம் குறிப்பைத் திறந்து, 'அடி'யை எடுத்துவிட்டுப் பழையபடி 'கீழ்' என்று வைத்தேன். காரணம் கேட்டது. 'இது முதலில் இருந்தபடி. அன்றைக்கு மாற்றியது நான்' என்று அடித்துப் பதிந்தேன். ஆறு வருடத்தில் நான் எழுதிய ஒரே நேர்மையான குறிப்பு என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், அதன் தலையில் உன் பெயர் நிற்கிறது. யாருடைய கம்ப்யூட்டரோ அவர் பெயரைத் தானே போட்டுக்கொள்ளும்படி நீ அமைத்து வைத்திருந்தது என் நினைவில் இல்லை. அழிக்கப் பார்த்தேன். அழிக்க முடியாது என்றது. நாளைக்கு என் கம்ப்யூட்டரிலிருந்து என் பெயரில் இன்னொன்று பதிவேன். ஆனாலும் இது போகாது. உன் பெயர், அதற்கு நேராக 'மாற்றியது நான்'. இரண்டாவது தடவையும் பழியை நீயே ஏற்றுக்கொண்டிருக்கிறாய்.