சுவருக்கு இந்தப் பக்கம் நீ

கல்லறைத் திருநாள் வருகிறதென்று கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. சாதி பார்த்துப் பிரித்த இடம். அந்தப் பக்கம் மற்ற தெருக்காரர்கள்; இந்தப் பக்கம் உன் தெருக்காரர்கள், இப்போது நீயும். மெழுகுவத்தி ஏற்றக்கூட மனம் வராமல் எரிச்சலோடு நிற்கிறேன்.

இந்தச் சுவரைப் பற்றி நான் முதலில் கேட்டது நம் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில்தான். வெள்ளிக்கிழமை மதியங்களில் நம்பிக்கையும் பண்பாடும் என்று ஒரு கலந்துரையாடல் நடக்கும். முறுக்கும் டீயும் கிடைக்கும் என்று சொல்லித்தான், திருமயத்துப் பக்கத்து இந்துப் பையனான என்னையும் இழுத்துப் போனாய். எல்லாரும் பொங்கல், கிறிஸ்துமஸ், ஒற்றுமை என்று இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டிருந்தபோது நீ எழுந்தாய்.

"பூசையில எல்லாருக்கும் ஒரே அப்பத்தத்தான குடுக்குறீங்க ஃபாதர்? செத்த பெறகு எதுக்கு நடுவுல சுவரு?"

கூட்டத்தை நடத்திய பாதிரியார் சிரித்தார். "அது விசுவாசம் இல்லப்பா, ஊர்ப் பண்பாடு. மெல்ல மாறும்."

வெளியே வந்தும் நீ அடங்கவில்லை. "மாட்டிக்கிட்டா பண்பாடும்பாங்க மாப்ள." பிறகு என் பக்கம் திரும்பினாய். "ஒங்க ஊரு அய்யனார் கோயில் புரவியெடுப்புல எங்க ஆளுக மண்குதிரையத் தூக்கலாமா?"

முடியாது என்றேன்.

"அப்ப நீயும் கேளு. நான் இங்கிட்டு கேக்குறேன், நீ அங்கிட்டு கேளு."

படிப்பு முடிந்து ஊர் திரும்பியும் உங்கள் தேவாலயப் பங்குக் கூட்டம்தோறும் சுவரைப் பற்றிக் கேட்டாய். பதில் வருமுன்னே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன்னையும் இந்தப் பக்கம்தான் புதைத்தார்கள். அன்று பங்குச் சாமியாரிடம் நான் கத்தியபோது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு வேணாம்ப்பா. புள்ளைய நிம்மதியாப் போக விடு."

அவர் அழுவதைப் பார்த்து, சாமியாரை விட்டு விலகி வந்து உன் குழியில் மண் போட்டேன்.

போன மாதம் எங்கள் அய்யனார் கோயில் கூட்டத்தில், எல்லாத் தெருக்காரர்களும் புரவி தூக்கட்டும் என்றேன். "அது காலங்காலமா உள்ள வழக்கம் தம்பி" என்றார் தலைவர். அதே பதில், சாமிதான் வேறு. "இவனைக் கிறிஸ்தவக் காலேஜுல சேத்துவிட்டது தப்பு" என்று என் சித்தப்பாவே துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். உட்காரு, உட்காரு என்று நாலாபக்கமும் சத்தம். உட்காரவில்லை.

எதுவும் மாறவில்லை. உனக்குச் சொல்ல ஒரு நல்ல செய்திகூட என்னிடம் இல்லை. அய்யனார் கோயிலின் அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டு, என்னை மட்டும் வர வேண்டாமென்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

இருந்தாலும் கூட்டத்துக்குப் போகிறேன் மாப்ள. அங்கிட்டு கேட்க நான் ஒருத்தன்தானே இருக்கிறேன்.