கதவைத் திறந்தது யார்

நண்பரே,

இன்று காலை ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருச் சாக்கடையில் நகரசபை ஆட்கள் பினாயில் ஊற்றிக்கொண்டு போனார்கள். சாலைக் கடைத்தெருவில் நாலைந்து பேருக்கு வாந்திபேதி கண்டிருக்கிறதாம். வாடை ஜன்னல் வழியே வந்ததும் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு அது இன்னும் உம்முடைய வாடைதான். அந்த ஒரு மாதம் உம் வேட்டியும் கையும் அப்படித்தான் மணத்தன.

முதல் யுத்தம் முடிகிற சமயம் அது. வீடுவாசல் இல்லாதவர்களுக்காகக் கிள்ளியாற்றங்கரையில் எங்கள் சங்கம் நடத்திய விடுதிக்கு நான் செக்ரட்டரி. நீர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். விஷக்காய்ச்சல் ஊருக்குள் வந்துவிட்டது என்றதும் விடுதியின் வைத்தியப் பொறுப்பை உம்மிடம் ஒப்படைத்தோம். வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான் நிஜம்.

காய்ச்சல் கண்டவர்களை வெளியே அனுப்பிவிடலாம் என்று கமிட்டியில் பெரியவர்கள் சொன்னார்கள். நீர் எழுந்து நின்றீர். "எங்கே அனுப்புவீங்க? போறதுக்கு ஒரு வீடு இருந்தா அவங்க இங்கே ஏன் வாறாங்க?" அன்றே இருமுகிறவர்களை ஆற்றோரக் கொட்டகைக்கு மாற்றினீர். மற்றவர்களுக்கு வாசல் பக்கக் கொட்டகை. "பதினைஞ்சு நாளைக்கு உள்ளே உள்ளவன் வெளியே போகப்பிடாது, வெளியே உள்ளவன் உள்ளே வரப்பிடாது" என்றீர். கதவுச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று காவல்காரன் கேசவனிடம்; வேலையாகப் போய்வர எங்களுக்கு மட்டும் அனுமதி.

கிழக்கேகோட்டையிலிருந்து நான் நடந்து வரும் வழியில் நாளுக்கு நாள் கடைகள் மூடிக்கொண்டே வந்தன. பாடைகள் கொட்டு மேளம் இல்லாமல் போயின. சிலவற்றைத் தூக்க நாலு பேர்கூட இல்லை. ஆற்றின் அக்கரையில் புகை ஓயவே இல்லை. ஆனால் எங்கள் வாசல் பக்கக் கொட்டகையில் ஐந்து நாளாக ஓர் இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த அமைதிதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

ஆறாம் நாள் மத்தியானம் நல்ல மழை. வாசலில் கேசவனைக் காணோம். சாப்பிடப் போயிருப்பான் என்று நினைத்தேன். கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். அவள் புருஷன் தூணில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். மலைத்தோட்டத்திலிருந்து இரண்டு நாளாக நடந்து வருகிறார்களாம்.

"சாமி, இவருக்கு ஒண்ணுமில்லை, நடந்த களைப்புதான். ஒரு ஓரமா கிடந்துக்கிடுதோம்" என்றாள்.

எனக்கும் அது களைப்பாகவே இருந்தால் நல்லது என்று தோன்றியது. நம்பினேன். நீர் ஆற்றோரக் கொட்டகையில் இருந்தீர். உம்மைக் கேட்டால் வேண்டாம் என்பீர் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. கதவைத் திறந்து இருவரையும் வாசல் பக்கக் கொட்டகையில் படுக்க வைத்தேன்.

அவர்கள் வந்த மூன்றாம் நாள் அவன் எழுந்திருக்கவில்லை. பிறகு பக்கத்துப் பாயில் கிடந்த கிழவர். அவருக்கு அடுத்த பாய். அதற்கும் அடுத்த பாய். வரிசை தப்பாமல் வந்தது. அந்தப் பெண்ணும் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தாள்.

முற்றத்தில் என்னையும் கேசவனையும் நிறுத்தி, "கதவைத் திறந்தது யாரு?" என்று கேட்டீர். கேசவன் தலை குனிந்து நின்றான். நீர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தீர். நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேசவா, நீ இன்னைக்கே போயிரு" என்றீர். அவன் சாவியைக் கிணற்று மேடையில் வைத்துவிட்டுப் போனான். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வாரம் நீரும் படுத்துவிட்டீர். கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "இப்போ வேண்டாம் ஓய். அங்கே குடிதண்ணி கொதிக்க வெச்சாச்சா, அதைப் போய்ப் பாரும்" என்றீர். போய்ப் பார்த்தேன். இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. உம்மையும் அக்கரைக்குத்தான் கொண்டுபோனோம்.

அதன்பின் நீர் வகுத்த ஒழுங்கு எதையும் நான் மீறவில்லை. காய்ச்சல் ஒருவழியாக அடங்கியது. அந்தப் பெண் பிழைத்து எழுந்து, போக இடமில்லாமல் விடுதிச் சமையலிலேயே தங்கிவிட்டாள்.

மழைக்காலம் கழிந்ததும் கேசவனைத் தேடிப் போனேன். விதுராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் காவல் வேலையில் இருந்தான். "கதவைத் திறந்தது நான்தான்" என்றேன்.

"எனக்கு அறியாம் சாமி, அன்னைக்கே தெரியும்" என்றான். "அன்னைக்கு உச்சைக்கு என்னை மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினதே கம்பவுண்டர்தானே. திரும்பி வரும்போ விளக்கு வெச்சாச்சு."

"அப்படியானால் அவருக்கும்...?"

"பின்னே அறியாதோ? நான் இறங்கினப்போ பின்னாலேயே வழி வரைக்கும் வந்தார். 'செக்ரட்டரி போனா இந்த இடம் நின்னு போகும் கேசவா. நீ எனக்காக இதைச் சுமக்கணும்'னு சொல்லி, இந்தத் தோட்டத்துக்கு ஒரு கடுதாசி தந்தார்."

"உனக்குக் கோபம் இல்லையா?"

தேயிலைச் சரிவைப் பார்த்தபடி சொன்னான்: "கோபம் உண்டு. அவர் மேலே இல்லை."

நீர் என்னை மன்னித்தீர் என்று பல வருஷம் என்னைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நீர் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டீர், அவ்வளவுதான். விடுதியில் அத்தனை பேர் கிடக்கும்போது என்னை மன்னிக்க உமக்கு நேரம் ஏது?

நாளை கமிட்டி கூடுகிறது. வாந்திபேதி விடுதிக்குள் வருமுன் யார் பொறுப்பேற்பது என்று பேசுவார்கள். வயசாகிவிட்டாலும் என் பெயரைத்தான் சொல்வார்கள். ஏற்றுக்கொள்வதற்கு முன்னால், உம்மிடம் முற்றத்தில் சொல்லாததை அவர்கள் எல்லோர் முன்னிலும் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். கேட்டபிறகும் என்னை வேண்டும் என்றால் போவேன். வேண்டாம் என்றாலும் போவேன், தண்ணீர் கொதிக்க வைக்கவாவது. ஆனால் கேசவன் அன்று சரிவைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தையை இறக்கி வைக்க எனக்கு இன்னும் ஓர் இடம் கிடைக்கவில்லை.