சேதம் ஒன்றுமில்லை

ஜூன் 4
மழை விட்டது. தக்காளி போயிற்று. தோட்டம் முழுக்கத் தண்ணீர், அதன்மேல் அழுகிய பழங்கள். கோழிக்கொட்டகையின் கூரை பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோய்விட்டது. அரசாங்கம் நிவாரணம் தருமாம். அதிகாரி வந்து பார்த்துக் கணக்கெடுப்பாராம். என் வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்காமல் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.

ஜூன் 7
வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்கிறார், அழுகியதை அள்ளுகிறார். "அதிகாரி வர்ற வரைக்கும் அப்படியே கிடக்கட்டுமே" என்றேன். "வீட்டுக்கு ஆள் வரும்போது குப்பையா வெச்சிருப்பாங்களா?" என்கிறார். இவரை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

ஜூன் 12
அதிகாரியம்மா வந்தார். சின்ன வயசு. "எவ்வளவு சேதங்க?" என்று கேட்டார். இந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பெருசா ஒண்ணுமில்லம்மா. சமாளிச்சுட்டோம்" என்கிறார்!

பெருசா ஒண்ணுமில்லையா? விதை வாங்க வழியில்லை. உரக்கடைக்காரர் என் தலையைக் கண்டாலே பாக்கி கேட்டுத் தெருவுக்கு வந்து நிற்கிறார். ஒண்ணுமில்லையாம்! பின்னாலிருந்து கிள்ளினேன். "கொசுத் தொல்லைம்மா" என்று விளக்கம் வேறு. புது வாய்க்காலைக் காட்டிப் பாராட்டும் வாங்கிக்கொண்டார். அந்தம்மா 'சேதம் இல்லை' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 13
இவரோடு பேச்சு கிடையாது. சாப்பாடு மட்டும் வைத்தேன். அதுவும் சத்தமாக.

ஜூன் 20
முறையீடு செய்யலாமாம். இவருடைய அக்கா விசாரித்துக்கொண்டு வந்தார். நிலம் இவர் பேரில் இருப்பதால் இவர்தான் பேச வேண்டுமாம். போச்சு.

ஒத்திகை நடந்தது. நாத்தனார் என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதிகாரியாக உட்கார்ந்தார்.
"தோட்டம் எப்படி இருக்கு?"
"கடவுள் புண்ணியத்துல நல்லாயிருக்குங்க."
"டேய், உன் தோட்டம் அழுகிப்போச்சுடா!"
"அதை ஏன்க்கா ஊரெல்லாம் தண்டோரா போடணும்?"
முகத்தையாவது சோகமாக வை என்றார். வைத்தார். பல்வலிக்காரர் மாதிரி இருந்தது. நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். கோபம் கலைந்தது.

ஜூன் 27
முறையீட்டு விசாரணை. அலுவலகக் கூடம் நிறைய ஆட்கள். பெரிய அதிகாரி, "சேதமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார்.
"ஆமாங்க."
எனக்கு உயிரே போயிற்று.
"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"
"அவங்க கூரை எங்க கிணத்து மேல கெடக்குதுங்க!" என்று பின்னாலிருந்து பக்கத்துத் தோட்டக்காரர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.
"தண்ணி வடிஞ்சதும் ஒரு செடியைத் தொட்டேங்க. கையோட வந்துடுச்சு. அடுத்ததும் வந்துடுச்சு. எல்லாமே… பழத்தோட செடியும் போனதை இவ பார்த்தா தாங்க மாட்டான்னுதான் அவசரமா அள்ளினேன்."
என் பக்கம் திரும்பவே இல்லை.
அதற்கா அந்த அவசரம்? நான் என்னவோ சுத்தக் கிறுக்கு என்று— சே. என்ன மனுஷி நான்.
பெரிய அதிகாரி பக்கத்தில் நின்ற அதிகாரியம்மாவிடம், "மறுபடி போய்ப் பாத்து எழுதும்மா" என்றார்.

ஜூலை 18
நிவாரணம் வந்துவிட்டது. பாக்கி அடைத்தது போக விதைக்கும் கூரைக்கும் ஆகும். உரக்கடைக்காரர் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலை 21
சாப்பிடும்போது, நான் கேட்காமலே, "முழங்கால் மாசக்கணக்கா வலிக்குது" என்றார். மாசக்கணக்காவா! நன்றாகத் திட்டினேன். பிறகு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டேன்.

"அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் மேல" என்கிறார்.