நின்றுகொண்டே வரும் கில்ட்

அட்லாண்டிக் கடலுக்கு மேலே,
வியாழக்கிழமை, சாப்பாட்டுத் தட்டு எடுத்த பிறகு.

அன்பு மகள் இஷ்பெலுக்கு,

உன் சித்தப்பன் மர்டோ முப்பத்தெட்டாயிரம் அடி உயரத்திலிருந்து எழுதுவது. நானும் உன் மாமன் லாக்லனும் கிளாஸ்கோவில் ஏறிவிட்டோம். நான் சுகம். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஹாலிஃபாக்ஸில் இறங்கியதும் இதை உன் கையில் திணிப்பேன். நேரில் வருகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்காதே. நேரில் என் வாய் எங்கெங்கே போகும் என்று உனக்கே தெரியும். எழுத்துப் பிழை இருந்தால் விமானம் குலுங்கியது என்று வைத்துக்கொள்.

முதலில் முக்கியமான விஷயம். அப்பா இல்லாத பெண்ணைக் கல்யாணத்தன்று, சனிக்கிழமை, சர்ச்சுக்குள் கைபிடித்து அழைத்துப் போவது யார், அதை நாங்கள் வந்ததும் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறதம்மா? நான் உன் அப்பனின் தம்பி. லாக்லன் உன் அம்மாவின் தம்பி. பெண்ணைக் கொடுப்பது அப்பன் வீட்டு வேலை. மல்லெய்க் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அந்தத் துறைமுகமே என் கையில்தான் ஓடுகிறது. கயிறு கட்டுகிற வேலைதான், ஆனால் நான் கட்டாவிட்டால் எந்தக் கப்பல் நிற்கும்?

உன் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன் அப்பன், என் ஈவன் அண்ணனின் கில்ட்டை என்னிடம் கொடுக்காமல் லாக்லனிடம் கொடுத்தாளே, அது எந்த ஊர் நியாயம்? அது என் இடுப்புக்குப் பத்தாது என்றாளாம். எனக்குத் தோள் அகலம். தோள் அகலமானவனுக்கு இடுப்பும் கொஞ்சம் கூடவே வரும். இடுப்பைச் சுற்றி முழங்கால் வரை எட்டு கெஜம் கம்பளி, நம் மெக்கின்னன் குடும்பத்துச் சிவப்புக் கட்டம், கத்தி மாதிரி நிற்கிற மடிப்பு. அதை உன் அம்மா வழி பீட்டன் வீட்டுக்காரன் கட்டிக்கொண்டு என் கண் முன்னால் அலைகிறான்.

நானும் என் கில்ட்டோடுதான் வருகிறேன். கல்யாணத்துக்குப் போகிறவன் கில்ட்டைப் பெட்டியில் போட மாட்டான். பெட்டி வழி தவறிப் போனால் பெண் வீட்டுக்காரன் வெறும் கால்சட்டையோடு நிற்க வேண்டியதுதான். காலுறையில் செருகுகிற சின்னக் கத்தியை மட்டும் பெட்டியில் போட்டுவிட்டேன். அப்படியும் சோதனை வாசலில் நான் நுழைந்ததும் மணி அடித்தது பார், சர்ச் மணி தோற்றது போ. பக்கிள் ஒன்று, ஊசி ஒன்று, முன்னால் தொங்குகிற தோல்பையின் சங்கிலி ஒன்று. ஆறு அதிகாரிகள் ஓடி வந்தார்கள். சரி, இரண்டு பேர். அதில் ஒருத்தி, "ஐயா, இன்னும் எதையெல்லாம் கழட்டணுமோ கழட்டிடுங்க, ஆனா கில்ட் வேணாம்" என்றாள். பின்னால் வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். லாக்லன் எல்லாவற்றையும் முன்கூட்டியே தட்டில் அழகாக அடுக்கிவிட்டு, பூனை மாதிரி சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய் நின்றான். அதே பெண் அவனைப் பார்த்து, "கில்ட் ரொம்ப எடுப்பா இருக்கு" என்றாள். என்னுடையதும் கில்ட்தானே!

ஏறுகிற வாசலில் இன்னும் மோசம். இரண்டு இத்தாலிக்காரிகள் அவனை நடுவில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். படத்தை எடுக்கச் சொல்லி போனை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? என்னிடம். எடுத்தேன். அவன் தலை மட்டும் படத்தில் விழாமல் எடுத்தேன்.

படம் முடிந்து அவன் பெஞ்சில் உட்காரப் போனான். என் வாய் சும்மா இருக்கவில்லை. "யோவ் லாக்லன், அதைக் கட்டிக்கிட்டு எங்கண்ணன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்ல, தெரியுமா? மல்லெய்க்ல இருந்து ஃபோர்ட் வில்லியம் வரைக்கும் பஸ்ஸுல நின்னுக்கிட்டேதான் போவான். உட்கார்ந்தா மடிப்பு செத்துரும்பான்" என்றேன். அவன் பாதி மடங்கிய முழங்காலோடு அப்படியே நிமிர்ந்தான். "நெசமாவா?" என்றான். "என் தலைமேல சத்தியம்" என்றேன்.

அப்போது நின்றவன் இன்னும் நிற்கிறான். விமானம் ஏறும்போது மட்டும் சீட்டு நுனியில் தொத்திக்கொண்டிருந்தான். வார் பூட்டச் சொன்ன விளக்கு அணைந்ததும் எழுந்து கடைசியில் கழிப்பறைப் பக்கம் போய் நின்றுகொண்டான். அங்கே திருவிழாவே நடக்கிறது. பணிப்பெண்கள் வெண்ணெய் பிஸ்கட் கொடுக்கிறார்கள், விஸ்கி கொடுக்கிறார்கள். ஹாலிஃபாக்ஸ்காரக் கிழவி ஒருத்தி, உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று நேராகவே கேட்டுவிட்டாள். இவன், "அதைத் தெரிஞ்சுக்கணும்னுதான் ஒருத்தி என்னைக் கட்டிக்கிட்டா, முப்பது வருஷமா வருத்தப்படறா" என்கிறான். ஒரே சிரிப்பு. நான் ஜன்னலோரம் முழங்காலில் குளிர்காற்று அடிக்க உட்கார்ந்திருக்கிறேன். என்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல இதைவிட நல்ல பதில் என்னிடம் நாலு இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுதுகிறேன்.

நடுவில் விமானம் பலமாகக் குலுங்கியது. எல்லோரும் உட்காருங்கள் என்றார்கள். லாக்லன் சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து வந்தான். வலது முழங்கால் மடங்கவே இல்லை. போன குளிர்காலத்தில் படகுத்துறையில் விழுந்து ஆபரேஷன் செய்த கால். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நாலு மணி நேரம் சும்மா இருந்தேன். இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள். முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. அப்போதும் ஒரு கையால் பின்மடிப்பை விரித்து விரித்துத் தடவுகிறான்.

"போதும்யா, நல்லா சாஞ்சு உட்காரு" என்றேன். அவன் மெதுவாகச் சொன்னான்: "புள்ள இதைப் பார்த்ததும் அவ அப்பன் ஞாபகம்தான் வரணும் மர்டோ. என் குண்டி பதிஞ்ச தடம் தெரியக் கூடாது."

நிஜத்தைச் சொல்லிவிட்டேன். "நான் சொன்னது பொய்யி. எங்கண்ணன் அதோட உட்காராத இடமே இல்ல" என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "சத்தியம் பண்ணுனியே?" என்றான். "அந்தச் சத்தியமும் பொய்யி" என்றேன். "மடிப்பு கசங்கட்டும்னு பார்க்குறியா? உன் பொறாமை எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, விளக்கு அணைந்ததும் மறுபடி எழுந்து போய்விட்டான். என் வாழ்க்கையில் ஒரு நிஜம் சொன்னேன், அதையும் நம்ப ஆளில்லை.

இஷ்பெல், நீயாவது நம்பு. உன் அப்பன் அந்தக் கில்ட்டோடு மீன் பெட்டியில் உட்காருவான், படகு விளிம்பில் உட்காருவான், ஈரப் புல்லில் உட்காருவான். உனக்குப் பெயர் வைத்த அன்று சர்ச் படியிலேயே உட்கார்ந்து, உன்னை மடியில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான். நீ அந்தக் கம்பளியை நனைத்தாய். எழுப்பப் போனேன். "இருக்கட்டும்டா, காஞ்சுரும்" என்றான் கண்ணைத் திறக்காமல். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.

இறங்கியதும் முதல் காரியமாக லாக்லனை உட்கார வை. நீ சொன்னால் கேட்பான். சனிக்கிழமை அவன் கையையே பிடித்துக்கொள். அவனாக வந்து கேட்க மாட்டான். வலது கால் இழுக்கும், மெதுவாக நட. மர்டோ ஏன் நடக்கவில்லை என்று யாராவது கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். நடுக்கடலில் விமானம் விழப் பார்த்தபோது ஓட்டுநருக்கு உதவப் போய்க் காலைச் சுளுக்கிக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். நீ தலையாட்டினால் போதும்.

எனக்கு ஒன்றே ஒன்று செய். முன் வரிசையில் ஓர் இடம் வை, நடைபாதையை ஒட்டி, லாக்லன் வருகிற பக்கமாக. நீங்கள் கடந்து போகும்போது அந்தக் கம்பளி என் கையில் ஒரு தடவை உரசட்டும்.

குறையில்லாமல் வாழ்வாய், மகளே.

உன் சித்தப்பன்
மர்டோ மெக்கின்னன்