எஸ்றா பெரியப்பாவை எழுப்பக் கூடாது

தூத்துக்குடி
3 ஜூலை 2024

என் தங்கம் ஜெஸ்மிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும் என்ற ஜெபத்தோடு ஆரம்பித்து, அடுத்த வரியிலேயே ஒரு மானக்கேட்டைச் சொல்லப் போகிறேன். சிரிக்காதே. உன் பெரியப்பாவைச் சேர்க்க இடம் பார்க்கப் போய், நேற்று நானே நோயாளியாகச் சேர்ந்துவிட்டேன்.

எட்டயபுரம் ரோட்டில் புதிதாக வந்திருக்கிற இல்லம். வாசலில் நீரூற்று, உள்ளே ஏசி. அறையைக் காட்டிய பெண், "பெட்டைத் தொட்டுப் பாருங்க சார்" என்றாள். ஸ்டேஷனரிக் கடைக்காரன் புத்தி. பேனா வாங்குகிறவன் எழுதிப் பார்க்காமல் வாங்குவானா? படுத்துப் பார்த்தேன். அவளுக்கு ஏதோ போன் வந்து போய்விட்டாள். இரண்டு பஸ் மாறி வெயிலில் வந்த உடம்பு, கண் சொக்கிவிட்டது.

ஒரு கனவு. உப்பளமெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. பெரியப்பா பழையபடி துறைமுகத்துக் கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து கொக்கியை இறக்குகிறார். என்னைக் கட்டிலோடு மேலே தூக்குகிறார். ஒரு ஆட்டம் இல்லை, ஒரு சத்தம் இல்லை. கீழே முயல் தீவு ஒரு வெற்றிலை அளவுக்குத் தெரிகிறது. கப்பல்கள் எல்லாம் சாவி தீர்ந்த பொம்மை மாதிரி நிற்கின்றன.

கண் விழித்தால் கையில் பிரஷர் பட்டை. மணிக்கட்டில் "பெட் 4" என்று ஒரு வளையம். பக்கத்தில் ரசஞ்சாதம்.

"நான் பார்க்க வந்தவம்மா" என்றேன்.

நர்ஸ் பிள்ளை என் முகத்தைப் பார்க்காமலே, "எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க தாத்தா" என்கிறது!

ரசஞ்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன், நன்றாகவே இருந்தது. மூன்று மணி நேரம் தூங்கியிருக்கிறேன். நீ கேட்கச் சொன்ன கேள்விகள் சட்டைப் பையிலேயே பத்திரமாக இருந்தன.

இதையெல்லாம் போனில் சொல்ல வழியில்லை. பக்கவாதத்தில் பெரியப்பாவுக்கு வலது கையும் காலும்தான் போயின, பேச்சுக் குழறியது. காது முன்னைவிடக் கூர்மை. "இல்லம்" என்று ஹாலில் யாராவது சொன்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். அதனால்தான் கடையில் விற்காமல் கிடந்த கடிதத்தாளுக்கு ஒரு வாழ்வு வந்திருக்கிறது.

முதல் மூன்று மாதம்தான் முக்கியம், அதற்குள் நடக்க வைத்தால் உண்டு என்று டாக்டர் சொன்னதில், மூன்று வாரம் ஓடிவிட்டது. எனக்கு அந்த இடம் பிடித்திருக்கிறது. நிம்மதியாகத் தூங்குவார். சரி என்று எழுது.

உன் அப்பா
தேவபிரசாதம், எஸ்.எஸ்.எல்.சி. (இரண்டாம் முயற்சி)


புனே
8 ஜூலை 2024

அன்புள்ள அப்பா,

வார்டில் நின்றுகொண்டு உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்து, ஹெட் நர்ஸிடம் திட்டு வாங்கினேன். மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை. பட்டப்பகலில் ஒரு ஆள் மூன்று மணி நேரம் தூங்கியிருக்கிறார். யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, எழுப்பவில்லை. நீங்கள் கேட்க மறந்த கேள்விகளுக்கெல்லாம் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. அந்த இடம் வேண்டாம்.

பெரியப்பாவுக்கு இப்போது தூக்கம் மருந்தில்லை அப்பா. படுத்தே கிடந்தால் இருக்கிற தசையும் கரைந்துவிடும், முதுகு புண்ணாகும், நெஞ்சில் சளி கட்டும். தினமும் எத்தனை மணி நேரம் பயிற்சி, பேச்சுக்கு ஆள் உண்டா, விழுங்கச் சிரமப்படுகிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யார் ஊட்டுகிறார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். அதற்கு முழித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அவரை எழுப்பக் கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம், எனக்குத் தெரியாதா? நைட் ஷிப்ட் முடித்து அவர் படுத்தால் அம்மா குக்கர் வைக்க மாட்டாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பேன். கிரேன்காரன் கண் அசந்தால் கீழே நிற்கிறவன் உயிர் போகும் என்பீர்கள். அவர் ரிட்டயராகிப் பத்து வருஷம் ஆகிறது. சட்டத்தை மாற்றுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில், பக்கவாதத்தைக் காலை எட்டு மணிக்குத்தான் கவனித்ததாக எழுதியிருக்கிறது. ஆறு மணிக்கே அவருக்குக் காப்பி கொண்டுபோவீர்களே?

உங்கள் ஜெஸ்மி


தூத்துக்குடி
14 ஜூலை 2024

அன்பு மகளுக்கு,

உன் திட்டு கிடைத்தது. நான்கு நாளில் வந்துவிட்டது, தபால்காரர்கள் உன் பக்கம் போலிருக்கிறது.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு இல்லம் பார்த்தேன். நடத்துகிற புருஷன் பெண்டாட்டி தங்கமான மனுஷர்கள். ஜன்னலுக்கு வெளியே வெற்றிலைக் கொடிக்கால். படுத்தேன். கேள்வியெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான், கோபப்படாதே. ஐந்து நிமிஷத்தில் தாமிரபரணி அறைக்குள் வந்துவிட்டது. நானும் அண்ணனும் ஆளுக்கொரு கட்டிலில் மிதந்து, கடலைப் பார்த்து மெதுவாகப் போகிறோம். அண்ணன் கரைப் பக்கம் கையை நீட்டி ஏதோ சொல்ல வருகிறார். நான், "சும்மா தூங்குண்ணே" என்கிறேன். விழித்தபோது சட்டை நனைந்திருந்தது. பயிற்சிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் அங்கே ஆள் வருவாராம். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாவது, துறைமுக ரோட்டில். பஞ்சு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியை மாற்றிக் கட்டியது. வாசலில் நீரூற்றுக்குப் பதில் லாரி. உள்ளே படுத்த ஆளே இல்லை. ஒருத்தர் இரண்டு கம்பிக்கு நடுவில் நிற்கிறார். ஒருத்தர் இடது கையால் இட்லியோடு மல்லுக்கட்டுகிறார். பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து, விழுங்குகிறாரா என்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் வழக்கம்போல் ஒரு கட்டிலில் சாய்ந்தேன்.

"யாரது? எந்திரிங்க அண்ணாச்சி!"

முத்துக்கனி. பயிற்சி கொடுக்கிற பிள்ளை. என் தோள் உயரம்தான், குரல் கப்பல் சங்கு.

"பெட் எப்படி இருக்குன்னு பார்த்தேம்மா."

"பெட்டு இங்கன ராத்திரிக்கு மட்டுந்தான். யாருக்குப் பார்க்கீங்க?"

"எங்க அண்ணனுக்கு. அவருக்குப் பகல்ல தூங்கிப் பழக்கம். எழுப்பினா பிடிக்காது."

"அப்போ எனக்கும் அவருக்கும் சண்டை நிச்சயம்" என்று சிரித்தாள்.

எப்போ வீட்டுக்கு அனுப்புவீங்க என்று கேட்டேன். "ஆறு வாரம் பார்ப்போம். நீங்க அதுக்குள்ள பாத்ரூம்ல கைப்பிடி போட்டு வைங்க" என்றாள். தினம் மூன்று வேளை பயிற்சி. பேச்சுக்கு வாரம் மூன்று நாள் ஒரு அம்மா வருகிறார்.

கனவு காண விடாத இடம். மனசு ஒப்பவில்லை, ஆனால் அதுதான் சரி என்று தெரிகிறது. பெரியப்பாவிடம் யார் சொல்வது? நீ போனில் சொல்லேன்.

காப்பி விஷயம் பிறகு எழுதுகிறேன்.

அப்பா


புனே
19 ஜூலை 2024

அன்புள்ள அப்பா,

அந்தக் கிட்டங்கிதான். நாளை என்றால் நாளையே.

நீங்கள்தான் சொல்ல வேண்டும். தம்பி வாயால் கேட்டால்தான் அவருக்குத் தள்ளிவிட்ட மாதிரி இருக்காது. காப்பியைப் பற்றி இனிக் கேட்க மாட்டேன். எழுதத் தோன்றும்போது எழுதுங்கள்.

ஜெஸ்மி


தூத்துக்குடி
6 ஆகஸ்ட் 2024

ஜெஸ்மி கண்ணு,

பெரியப்பாவிடம் சொன்ன அன்றைக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டார் என்று போனில் சொன்னேன் அல்லவா? மீதியைச் சொல்லவில்லை. "துறைமுக ரோடுண்ணே. ஷிப்ட் சங்குச் சத்தம் கேக்கும்" என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எத்...தன மணி சங்கு?" என்றார். அதுதான் சம்மதம்.

இப்போது கம்பிக்கு நடுவில் எட்டு அடி வைக்கிறார். முத்துக்கனிக்கு "மேஸ்திரி" என்று பேர் வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. சண்டை போட்டே பாதிப் பேச்சு வந்துவிட்டது.

நேற்று பனிமய மாதா கோவில் திருவிழாக் கூட்டம். பஸ் இல்லாமல் நடந்தே போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் படுக்கலாம் என்று அவருக்கு ஒரு சலுகை. தூங்கிக்கொண்டிருந்தார். நான் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"நேரமாச்சு, எழுப்புங்க அண்ணாச்சி" என்றாள் முத்துக்கனி.

"நீயே எழுப்பும்மா."

"எனக்குக் கை ஒழியல. உங்க அண்ணந்தான, கடிக்கவா போறாரு?"

ஜெஸ்மி, எனக்கு அறுபத்து நாலு வயசு. அண்ணனை நான் ஒரு நாளும் எழுப்பியதில்லை.

பக்கவாதம் வந்த அன்றைக்கு ஆறு மணிக்குக் காப்பி கொண்டுபோனேன். வழக்கத்தைவிடப் பெரிய குறட்டை. வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. எடுத்து நெஞ்சின்மேல் வைத்தேன், கனமாக இருந்தது. அசந்து தூங்குகிறார், தூங்கட்டும் என்று நினைத்தேன். டம்ளரை மூடி வைத்தேன். ரேடியோவைக் குறைத்தேன். சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுக் கடை திறக்கப் போனேன். எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது காப்பியில் ஆடை படிந்திருந்தது. எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். எட்டு என்றேன்.

நேற்று அவர் தோளில் கையை வைத்தேன். சுற்றிலும் எல்லாம் உப்பளம் மாதிரி வெளுத்துவிட்டது. வாசல் லாரிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. "அண்ணே" என்றேன். அசையவில்லை. "அண்ணே! எந்திரிண்ணே!" என்று கத்திவிட்டேன். இட்லியோடு மல்லுக்கட்டுகிறவர் உள்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணைத் திறந்தார்.

"ஏ...லே. நான் என்ன... செவிடா?"

இடது கையை நீட்டினார். பிடித்துத் தூக்கினேன். எட்டு அடி வைத்தார். மேஸ்திரி ஒன்பதாவது கேட்டாள், முறைத்துக்கொண்டே அதையும் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சி... ஏம்லே இப்படி இருக்கு?"

"கூட்டத்துல நடந்து வந்தேம்லா, அதான்" என்றேன்.

அன்னைக்கு ஆறு மணிக்கும் இப்படிக் கத்தியிருக்கணும்ணே. அதை மட்டும் சொல்லவில்லை.

அப்பா