என் கண்ணுக்கு மட்டும் விடாத கிரகணம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். போன மூன்று கடிதங்களிலும் இதே வரி இருந்தது, அது பொய். இந்தத் தடவை நிஜம். நீயும் மாப்பிள்ளையும் நிஜமாகவே சௌக்கியம்தானே?

கை வலி என்று சொல்லி அம்மாவை எழுத வைத்தேனே, கைக்கு ஒரு கேடும் இல்லை. பார்வைதான் மங்கிக்கொண்டே வந்தது. தையற்காரனுக்குக் கண் போனால் மிச்சம் என்ன என்ற பயத்தில் மூச்சு விடவில்லை. கடையில் வெளிச்சம் போதவில்லை என்று மூன்று பல்பு மாற்றினேன். கணக்கு வாத்தியாரின் கறுப்புக் கால்சட்டைக்கு நீல நூலில் ஓரம் அடித்துவிட்டு, இதுதான் இப்போது நாகரிகம் என்று சாதித்தேன். பாவம், நம்பிப் போட்டுக்கொண்டு போனார்.

போன மாதம் சந்திர கிரகணம். சாயங்காலமே பிடித்ததால் அக்கம்பக்கம் எல்லாரும் எங்கள் மொட்டை மாடியில். நிலா கறுத்து, செம்புத் தட்டாகி, மெல்ல விட்டதும் கைதட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். நான் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, அவசரப்படாதே என்று அம்மாவுக்கு விளக்கம் வேறு. என்னங்க, விட்டு அரை மணி ஆச்சு என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, அந்தக் கண்ணைத் திறங்க என்றாள். ஊசியில் நூல் கோத்த பழக்கம், எதைப் பார்த்தாலும் இடது கண்ணை இடுக்கிக்கொள்வேன். திறந்தேன். நிலா பளிச்சென்று முழுசாக இருந்தது. அழுக்கெல்லாம் என் வலது கண்ணில். எத்தனை நாளா என்று கேட்டாள். நாளைக்கு ரெடி என்று ஊரையே ஏய்க்கிற எனக்கு அப்போது ஒரு பொய்கூட வரவில்லை.

மறுநாளே கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். நரம்பு போய்விட்டது என்பாரென்று நடுங்கினேன். வெறும் புரைதான், எடுத்தா சரியாயிடும் பெரியவரே என்றார். எடுத்தாயிற்று. நிலாவின் மேல் விழுந்த நிழலைப் பார்க்க ஊரே மாடி ஏறியது, என் மேல் விழுந்ததை நான்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். கட்டுப் பிரித்ததும் அம்மா முதலில் கேட்டது, என் நரையெல்லாம் தெரியுதா என்று. தெரியலையே என்றேன். அதுதான் கடைசிப் பொய்.

வாத்தியாரின் கால்சட்டையைப் பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றால், நாகரிகத்தைக் கெடுக்காதீங்க என்கிறார்!

உனக்கு அடிக்கடி தலை வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். என் மகள்தானே, மறைக்காமல் டாக்டரிடம் போய்க் கண்ணைக் காட்டு. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் இருக்க எங்கள் ஆசி. எழுத்து கோணலாக இருந்தால் கண்ணைக் குறை சொல்லாதே, அது பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான்.

தன் கையாலேயே எழுதும்,
உன் அப்பா