விரதமில்லாத புதன்கிழமை

14 ஜூன் 1978, புதன்

விமலாதேவி என்றொரு மாணவி ஒருமுறை வகுப்பில் கேட்டாள்: "ரீச்சர், கணக்கிலை வாற ஆக்கள் ஏன் எப்பவும் அரிசியும் சவுக்காரமும்தான் வாங்கினம்? சந்தோசமா ஒண்டும் வாங்கமாட்டினமோ?" வகுப்பே சிரித்தது. அதற்கு நல்ல விடை சொல்ல எனக்கு ஓய்வு பெறும் வரை ஆயிற்று.

இன்று சிட்னிக்கு இரண்டு முதல் வகுப்பு ரயில் ரிக்கற் எடுத்துவிட்டேன். குளிர்காலம், அதுவும் வார நடு. ஆகவே துறைமுகத்தைப் பார்த்த பெரிய ஹோட்டல்கூட ஓர் இரவுக்கு எங்களுக்கு எட்டுகிறது. மறுநாள், உயர்ந்த கட்டடமொன்றின் உச்சியில் மெல்லச் சுழலும் உணவகத்தில் மத்தியானச் சாப்பாடு. அதே கதிரை, அதே ஜன்னல், இராச் சாப்பாட்டின் பாதி விலை. "அம்மா, யூ ஆர் டூ மச்" என்றாள் மகள் ரஞ்சினி.

இவர் மட்டும், "அண்டைக்கு விரதம் ஏதும் வருதோ எண்டு பாரும்" என்றார். பஞ்சாங்கம் பார்த்துத்தானே நாள் குறித்தேன். ஜூலை 26, புதன். ஒன்றுமில்லை.

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஜெயரட்ணம், அதாவது என் கணவர், கோயிலில்லாத இந்த மெல்பேணில் ஈஸ்டருக்குப் பிறகு பக்திமான் ஆகிவிட்டார். வெள்ளி, செவ்வாய், சதுர்த்தி, ஏகாதசி. அந்நாட்களில் பாலும் மசித்த வாழைப்பழமும்தான். எனக்குப் பெருமையாகக்கூட இருக்கிறது.

3 ஜூலை, திங்கள்

ரஞ்சினி அப்பாவின் பெல்ற்றில் இன்னொரு துளை போட்டுக்கொடுத்தாள். இது இரண்டாவது.

22 ஜூலை, சனி

இன்று ஏகாதசி என்றார். பாலை வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். போன ஞாயிறும் ஏகாதசி என்றுதானே இருந்தார்? பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவது ஏழு நாளில் இரண்டு தரம் எப்படி வரும்? பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். ஞாயிறு சரி. அடுத்ததற்கு இன்னும் எட்டு நாள் கிடக்கிறது.

பொய். முப்பத்தாறு வருசத்திலை ஒரு பொய் சொல்லாத மனிசன். ஏன்? கேக்கப் பயமாக் கிடக்கு.

23 ஜூலை, ஞாயிறு

இன்னும் கேட்கவில்லை. திருத்திக் கொடுத்த விடைத்தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். திருப்பாதவரைக்கும் பரீட்சையில் சித்தி.

25 ஜூலை, செவ்வாய், ரயிலில்

அகன்ற மெத்தைக் கதிரை. சாப்பாட்டுப் பெட்டியில் வெள்ளை விரிப்பு, பளபளக்கும் கரண்டிகள். இவர் சூப் மட்டும் குடித்தார். "செவ்வாய் எல்லே" என்றார். வெளியே பார்க்கவேண்டிய நான் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

26 ஜூலை, புதன்

வீட்டில் நான் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவேன். இவர் எழும்பிய பிறகுதான் என் சாப்பாடு. கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். இங்கே, இந்தச் சுழலும் உணவகத்தில், பரிமாற வேறு ஆள். எனக்கு எதிரில் இருப்பதைத் தவிர வேலையில்லை.

ஆட்டிறைச்சி வந்தது. இவர் சின்னத் துண்டாக வெட்டி, மென்று, மென்று, மென்று. விழுங்கினார். முகம் கறுத்தது. நாப்கினை வாயில் பொத்திக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர்.

"இந்த ஆட்டுக்கு என்னிலை ஏதோ கோவம்."

"பகிடி விடாதேங்கோ. எப்ப தொடக்கம்?"

"ஈஸ்டர். முதல்லை பாண் மட்டும் இறங்கேல்லை. பிறகு சோறும்."

"அப்ப விரதம்?"

"விரதமெண்டால் நீர் கேள்வி கேக்கமாட்டீர்."

"மற்ற நாளிலை தட்டு வெறுமையாத்தானே வந்தது?"

"எங்கடை வளவு மக்பைக் குருவியள் கொழுத்துக் கிடக்கிறதைக் காணேல்லையோ?"

ஏன் டொக்டரிடம் போகவில்லை என்று கேட்டேன்.

"போனால் மறிச்சுப்போடுவான். நீர் எவ்வளவு ஆசையாப் போட்ட பயணம். இதைப் பாத்திட்டுப் போவம் எண்டு... இஞ்சை பாரும், துறைமுகப் பாலம் சுத்தி வருது."

பாலம் வந்ததாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

28 ஜூலை, வெள்ளி

நேற்றே திரும்பிவிட்டோம். இன்று ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கரைசலொன்றைக் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். அதையும் அரைவாசிதான் விழுங்கினார்.

4 ஓகஸ்ட், வெள்ளி

உணவுக்குழாயில் புற்று. ரஞ்சினி ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நான் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். ஐயோ, எழுதினாலும் சின்னதாகுதில்லையே.

11 ஓகஸ்ட், வெள்ளி

ஒப்பரேசனுக்கு ஆறு மணித்தியாலம் என்றார்கள். எட்டாகிறது. கதவு திறக்கவில்லை.

6 செப்ரெம்பர், புதன்

வீட்டுக்கு வந்து நாலாம் நாள். மேசையில் இரண்டு தட்டு. என்னுடையதில் சோறு, அவருடையதில் கஸ்ரட். ஆறு கரண்டிக்கு முக்கால் மணி நேரம்.

"இன்ஸ்பெக்ரர் மாதிரிப் பாத்துக்கொண்டிருந்தால் ஆர் விழுங்கிறது?"

"விழுங்குங்கோ."

விழுங்கினார். இறங்கியது. இரண்டு மாதம் முந்தி வந்திருந்தால் நல்லது என்றார் டொக்டர். இரண்டு மாதம் பிந்தியிருந்தால் வெட்டியிருக்கவே முடியாது என்றும் சொன்னார். மிச்சம் அடுத்த படத்தில்தான் தெரியும். அதுவரை எனக்கு ஒவ்வொரு கரண்டியும் பயம்தான்.

ரஞ்சினி, என்றாவது நீ இதைத் திறந்தால் ஒன்று செய்து பார். அன்றைக்கு வீட்டாருக்குச் சாப்பாட்டைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போகாதே. உன் தட்டையும் கொண்டுவந்து எதிரில் இரு.